ஆறடிக் குழலும் உயர்ந்த சுரமும்

(யூபிலி இசைமாலையில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



பாடகர் குழுவைப் பற்றிப் பேசப் பணித்தார்கள். நானோ பிரெஞ்சு ஹார்ன் என்னும் ஊதுகொம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் முடிவில் விளங்கும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வாழ்ந்த இசைமேதை பாக், லூத்தரன் சபையினர். எனினும் 1733-இல், கத்தோலிக்கரான சாக்சனி நாட்டு ஆட்சியாளருக்கு 'கீரியே', 'குளோரியா' இரண்டுக்கும் இசையமைத்துக் காணிக்கையாக்கினார். அதுவே பின்னர் 'பி மைனர் திருப்பலி'யாக வளர்ந்தது. அந்த வானவர் கீதத்தில் ஆண்டவர் ஒருவரே தூயவர் என்று அறிக்கையிடும் பகுதிக்கு அவர் ஒரு தாழ்ந்த ஆண்குரலையும், இரண்டு பஸூன்களையும், ஒரு வேட்டைக் கொம்பையும் அமைத்தார்.

திருப்பலி முழுவதிலும் கொம்பு ஒலிப்பது அந்த ஓர் இடத்தில்தான். வாசிப்பவர் அரை மணிக்கும் மேலாகச் சும்மா அமர்ந்திருப்பார், உதடு ஆறிப்போயிருக்கும். பிறகு எடுத்த எடுப்பிலேயே ஒரு ஸ்தாயி மேலே தாவ வேண்டும். தவறினால் சபை முழுவதும் கேட்கும்.

ஏன் தவறுகிறது? வழக்கமான எஃப் ஹார்னின் குழாயை நீட்டினால் சுமார் 12 அடி. உதட்டை இறுக்கியே அதில் பல சுரங்களை எழுப்பலாம். கீழ்ச் சுரங்கள் எட்ட எட்ட நிற்கும். மேலே போகப் போக நெருங்கிவிடும். 16-ஆவது சுரத்தைக் குறிவைத்தால் 15-ஆவதோ 17-ஆவதோ வந்து விழும்.

இதற்கு வழி தேடியவர்கள் குழாயைக் குறுக்கினார்கள். 1890-களின் இறுதியில் எர்ஃபுர்ட் நகரத்துக் கிருஸ்பே, 12 அடி, 9 அடிக் குழாய்கள் இரண்டையும் ஒரே கொம்பில் இணைத்தார். இடக்கைக் கட்டைவிரல் அழுத்தினால் காற்று வழி மாறும். பின்னர் 6 அடிக் குழாயுள்ள 'டெஸ்கன்ட்' ஹார்ன் வந்தது. 1960-களில் லண்டன் பாக்ஸ்மன் நிறுவனத்துக்காக ரிச்சர்ட் மெரிவெதர், மூன்று நீளங்களையும் ஒன்றாக்கிய 'ட்ரிபிள்' ஹார்னை வடிவமைத்தார். 12 அடியில் 16-ஆவதாக நின்ற அதே சுரம் 6 அடியில் 8-ஆவதாகிறது. அண்டைச் சுரங்கள் இருமடங்கு விலகி நிற்பதால் குறி தவறுவது குறைகிறது.

இது குறுக்குவழி அல்லவா என்று கேட்கலாம். அல்ல. மூச்சும் உதட்டின் வலிமையும் முன்போலவே வேண்டும். அவை இல்லாதவருக்குக் குட்டைக் குழாயிலும் உயர்ந்த சுரம் வராது. அதன் நாதமும் சற்று மெலிந்தது. நீண்ட குழாயின் கனிவைக் கொண்டுவர வாசிப்பவர் பாடுபட வேண்டும். மூன்று குழாய் சேர்ந்தால் கருவி கனக்கும். கிடைப்பது உறுதி மட்டுமே.

இனி என் பாவ அறிக்கை. சென்ற கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில் நம் பிள்ளைகள் வானவர் கீதத்தை ஒரு சுரம் இறக்கிப் பாடினார்கள். 'எங்கள் காலத்தில் இப்படியா?' என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். எங்கள் காலத்தில் அந்த உச்சியில் ஆண்டுதோறும் குரல் உடைந்ததை வசதியாக மறந்துவிட்டேன். அன்றிரவு அது உடையவில்லை. மக்களும் சேர்ந்து பாடினார்கள்.

பாடுகிறவரின் துணிச்சலை அளக்கவா நாம் கோவிலுக்கு வருகிறோம்? புகழ்ச்சி பழுதின்றி ஒலிக்க வேண்டும். அதற்கு உதவும் கருவியை வெட்கமின்றி எடுத்துக்கொள்வோம். பிள்ளைகளே, என்னை மன்னியுங்கள்.