தரவுத்தளம் கெடுவது எதனால்?

ரயிலுக்கு டிக்கெட் எடுப்பவர், வங்கியில் பணம் போடுபவர், ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்துச் சர்க்கரை வாங்குபவர் ஆகிய எல்லோருடைய காரியங்களும் இன்று ஏதோ ஓர் ஊரில், குளிரூட்டிய அறை ஒன்றில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் எழுதி வைக்கப்படுகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்த விஷயம். அப்படி எழுதி வைக்கும் ஏற்பாட்டுக்குத் தரவுத்தளம் என்று பெயர். அலுவலகங்களில் டேட்டாபேஸ் என்றே சொல்லுகிறார்கள். அந்த டேட்டாபேஸ் ‘கரப்ட்’ ஆகிவிட்டது என்று ஒருநாள் காலையில் தொலைபேசி வரும்போது, அதைப் பராமரிக்கும் உத்தியோகத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்கள் கேட்டின் மூலகாரணத்தை எந்த லட்சணங்களைக் கொண்டு நிச்சயிக்கிறோம் என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள்.

முதலில், தரவுத்தளம் எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மளிகைக் கடைக்காரர் அன்றாட வியாபாரத்தை வந்த வரிசையில் சிட்டையில் குறித்துக்கொண்டு, ஓய்வு கிடைத்தபோது ஒவ்வொன்றாகப் பேரேட்டில் ஏற்றுவதுபோல, தரவுத்தளமும் ஒவ்வொரு மாறுதலையும் முதலில் ஒரு லாகில் வரிசையாக எழுதி, அது டிஸ்கில் பதிந்துவிட்டது என்று உறுதி பெற்ற பிறகே, சாவகாசமாகத் தன் கோப்பில் உரிய பக்கத்தைத் திருத்துகிறது. பக்கம் என்பது ஒரு திட்டமான அளவு. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் வழக்கமாக 8,192 பைட்டுகளையும், மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் இன்னோடிபி என்ற பகுதி 16,384 பைட்டுகளையும் ஒரு பக்கமாக வைத்துக்கொள்கின்றன. நடுவில் மின்சாரம் போனாலும் லாகைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் இந்த ஏற்பாடு முழுவதும், கீழே இருக்கும் டிஸ்கும் இயங்குதளமும் ‘எழுதியாயிற்று’ என்று சொன்னால் உண்மையிலேயே எழுதியிருக்கும் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது.

இனி, கேடு நேர்ந்தபின் செய்ய வேண்டியவற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம். சர்வரை நிறுத்திப் பிரதி எடுப்பது ஒன்று. கெட்ட பக்கத்தைக் கண்ணால் பார்ப்பது இரண்டு. அந்த வேளையில் சர்வரைச் சுற்றி என்னென்ன நடந்தது என்று விசாரிப்பது மூன்று.

முதல் கட்டத்தில் பதற்றமே பெரிய சத்துரு. முதலாளி பின்னால் நிற்கிறார், வாடிக்கையாளர்கள் வாசலில் நிற்கிறார்கள், ஏதாவது ஒரு பழுதுநீக்கும் கருவியை ஓடவிட்டால் போதும் என்று கை துடிக்கிறது. அந்தக் கருவிகளோ, புரியாத பக்கங்களை வெட்டி எறிந்துவிட்டு மீதியை நேராக்கும் சுபாவம் உடையவை. இன்னோடிபியில் பலவந்தமாகத் திறப்பதற்கு 1 முதல் 6 வரை படிகள் உண்டு. 4-ஆம் படியும் அதற்கு மேலும் போனால் கோப்புகளுக்கு நிரந்தரமான சேதம் உண்டாகலாம் என்று அதைச் செய்தவர்களே கையேட்டில் எச்சரித்திருக்கிறார்கள். ஆகையால் தரவுக் கோப்புகளையும் லாகையும் ஒன்றுவிடாமல் வேறொரு டிஸ்குக்குப் பிரதி எடுத்து, எந்தப் பரிசோதனையையும் அந்தப் பிரதியின்மேல் நடத்துவதுதான் முறை. பழுது நீக்கப்பட்ட கோப்பில் தரவு ஓரளவு மிஞ்சலாம். காரணத்தின் தடயம் மிஞ்சாது.

அடுத்தது இரண்டாவது கட்டம். நேயர்களே, எனக்கு மிகவும் பிரியமான கட்டம் இது. ஆகவே இங்கே சற்றுக் கூடுதலான நேரம் எடுத்துக்கொண்டால் பொறுத்தருள வேண்டும்.

கெட்ட பக்கத்தின் பைட்டுகளை எண்களாக வரிசையாக அச்சிட்டுப் பார்க்கும் வழி உண்டு. ஹெக்ஸ் டம்ப் என்பார்கள். அதைக் கண்டு பலர் மிரண்டுபோகிறார்கள். பழகியவர்களுக்கோ அதில் சேதத்தின் எல்லைகள் தெளிவாகத் தெரியும். சேதம் 512 அல்லது 4,096 என்ற அளவின் மடங்கில் தொடங்கி அதே அளவின் மடங்கில் முடிந்தால், அந்த அளவுகளில் வேலை செய்யும் டிஸ்க்கோ கோப்பு முறைமையோ சம்பந்தப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எல்லை எந்தக் கணக்கிலும் சேராமல் பக்கத்தின் நடுவே எங்கோ இருந்தால், மெமரியையோ ஏதேனும் ஒரு புரோகிராமையோ சந்தேகிக்க வேண்டும். எல்லைக்குள் இருப்பது வெறும் பூஜ்யங்களா, பழைய தரவா, அன்னியமான எழுத்தா என்பது அடுத்த கேள்வி.

பழைய தரவு கலந்த பக்கத்துக்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கம்பெனியில் ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் பில் கணக்குக் கெட்டுக்கொண்டிருந்தது. “சாஃப்ட்வேர்லதான் கோளாறு சார், வேற மாத்திடலாமா?” என்று முதலாளி கேட்டார். அவர்களிடம் இருந்தது இன்னோடிபி. அதன் ஒவ்வொரு பக்கத்திலும், லாகில் எந்த இடம் வரையிலான மாறுதல்கள் அந்தப் பக்கத்தில் ஏறியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் வரிசை எண் ஒன்று தலையிலும், அதன் பின்பாதி மறுபடியும் வாலிலும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒத்திராவிட்டால் பக்கம் முழுவதும் ஒரே தடவையில் எழுதப்படவில்லை என்று பொருள். நான் பார்த்த பக்கத்தில் அவை ஒத்துப்போகவில்லை. முதல் 4,096 பைட்டுகள் புதியவை. மீதி முக்கால் பங்கு பழையது. எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்ப் பக்கம் கிழிந்திருக்கிறது என்பது வெளிப்படை.

ஆனால் கேளுங்கள். இப்படிப் பக்கம் கிழியக்கூடாது என்பதற்காகவே இன்னோடிபி ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் வேறோர் இடத்தில் எழுதி, அது டிஸ்கில் பத்திரமாகப் பதிந்தபின் உரிய இடத்தில் இரண்டாம் முறை எழுதுகிறது. அந்தக் காவல் இருந்தும் பக்கம் கிழிந்ததென்றால், முதல் தடவை ‘பதிந்தது’ என்று கீழேயிருந்து வந்த பதிலே பொய்யாக இருக்க வேண்டும். அந்தச் சர்வரில் டிஸ்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு ஒன்று இருந்தது. எழுத வேண்டியதைத் தன் சொந்த மெமரியில் வாங்கி வைத்துக்கொண்டு, ‘எழுதியாயிற்று’ என்று உடனே பதில் சொல்லிவிடும் சாதனம் அது. மின்சாரம் போனால் அந்த மெமரியைக் காப்பாற்ற ஒரு சிறு பேட்டரி உண்டு. கார்டின் லாகைப் பார்த்தபோது, பேட்டரி செத்து வெகுநாள் ஆகியிருந்தது. பேட்டரி செத்தால் கார்டு தானாகவே நிதானமான முறைக்கு மாறிவிடும். வேகம் குறைந்ததென்று யாரோ ஒரு புண்ணியவான், பேட்டரி இல்லாவிட்டாலும் வேகமாகவே நடத்து என்று அமைத்துவிட்டுப் போயிருந்தார். பேட்டரியை மாற்றி, அமைப்பைத் திருத்தினோம். சாஃப்ட்வேரை மாற்றவில்லை.

இன்னொரு வகைச் சேதம் இதைவிடச் சூட்சுமமானது. தமிழில் எழுதப்பட்ட தரவில் அதற்கு ஒரு விசேஷம் உண்டு. மெமரியில் ஒரே ஒரு பிட், அதாவது பூஜ்யம் ஒன்றாகவோ ஒன்று பூஜ்யமாகவோ, தானே மாறிவிடுவது உண்டு. எண் எழுத்துகளில் 1 என்பதற்கும் 9 என்பதற்கும் உள்ள வேற்றுமை ஒரே ஒரு பிட். நம்முடைய யூனிகோடு வரிசையிலோ ர-வும் ற-வும், ல-வும் ள-வும், ந-வும் ன-வும் அடுத்தடுத்து அமைந்திருப்பதோடு, ஒரு பிட் புரண்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும் விதமாகவும் அமைந்திருக்கின்றன. ஒரு பள்ளிக்கூடத்தின் பதிவேட்டில் ‘மலர்’ என்ற பெயர் ‘மளர்’ என்று ஆகியிருந்ததற்காக, டைப் செய்யும் பெண்மணியைப் பலரும் கடிந்துகொண்டிருந்தார்கள். முந்தைய பேக்கப்பில் பெயர் சரியாக இருந்தது; அதற்குப் பிறகு அந்த வரியை யாரும் தொட்டதாகப் பதிவே இல்லை; வேறொரு வரியில் கட்டணத்தின் 1 என்பது 9 ஆகியிருந்தது. மெமரியைச் சோதிக்கும் புரோகிராமை இரவு முழுவதும் ஓடவிட்டதில், குற்றவாளியான மெமரி அட்டை அகப்பட்டது. பெண்மணி நிரபராதி.

இது அபூர்வமான நிகழ்ச்சி என்று எண்ணிவிட வேண்டாம். கூகுள் நிறுவனத்தின் சர்வர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓர் ஆண்டில் மெமரி அட்டைகளில் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவை பிழை காட்டியதாகச் சொல்லுகிறது. அந்தப் பிழைகளைப் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும் ஈசிசி மெமரியைச் சர்வருக்கு வாங்க வேண்டுமென்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். இன்னொரு சங்கதி: பக்கம் கெட்டதா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு பக்கத்திலும் செக்சம் என்ற கூட்டுத்தொகையை எழுதி வைப்பது உண்டு, ஆனால் அந்தத் தொகை போடப்படுவதற்கு முன்பே பிட் புரண்டிருந்தால், தவறான தரவுக்குச் சரியான தொகை விழுந்துவிடும். செக்சம் சரியாக இருக்கிறது என்பதனால் மட்டும் மெமரியை விடுதலை செய்துவிட முடியாது.

அன்னிய எழுத்துக் கலந்த பக்கத்துக்கு உதாரணமாக, பிரசித்தமான ஒரு சம்பவத்தைச் சொல்லுகிறேன். உங்கள் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தை உண்டாக்கியவர்களின் மற்றொரு படைப்பு, புரோகிராம்களின் மூலத்தையும் அதன் மாறுதல்களையும் ஒரு தரவுத்தளக் கோப்பில் காத்து வைக்கும் ஃபாசில் என்பது. 2013 ஆகஸ்டில் அந்த ஃபாசிலின் மூலக் களஞ்சியமே கெட்டுப்போயிற்று. இயங்குதளம், திறந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் கொடுக்கிறது; 2 என்ற எண் பிழைச் செய்திகளை எழுதுவதற்கென்று மரபாக ஒதுக்கப்பட்டது. அன்று எதனாலோ அந்த எண் மூடப்பட்டுவிட, அடுத்துத் திறந்த தரவுத்தளக் கோப்புக்கு அதே எண் கிடைத்துவிட்டது. பிறகு புரோகிராமில் எழுந்த ஒரு பிழைச் செய்தி, வழக்கம்போல 2-ஆம் எண்ணுக்குப் போய், தரவுத்தளத்தின்மேலேயே எழுதப்பட்டுவிட்டது! டிஸ்க் நல்லது, மெமரி நல்லது, மின்சாரமும் போகவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 3.8.1 பதிப்பிலிருந்து, அப்படிப்பட்ட சிறிய எண்களில் தரவுத்தளத்தைத் திறக்க எஸ்க்யூலைட் மறுத்துவிடுகிறது.

ஒரு பைட்டும் மாறாமல் தரவுத்தளம் கெட முடியுமா என்று யாரேனும் கேட்டால், முடியும் என்பதே விடை. லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் எழுத்துகளின் அகரவரிசையைத் தீர்மானிப்பது ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம். 2018-இல் வந்த அதன் 2.28 பதிப்பில் அந்த வரிசை மாறியது. அமெரிக்க ஆங்கில அமைப்பில், முன்பு 11 என்பதற்குப் பின்னால் வந்துகொண்டிருந்த 1-1 என்பது அதற்கு முன்னால் வரத் தொடங்கிற்று. போஸ்ட்கிரெஸ் விரைவாகத் தேடுவதற்கென்று வைத்திருக்கும் அட்டவணைகளாகிய இன்டெக்ஸ்களோ பழைய வரிசைப்படி அடுக்கப்பட்டவை. இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், இருக்கும் பெயரைத் தேடினால் இல்லை என்று வந்தது. ஒரே எண் இரண்டு தடவை பதிவாயிற்று. டிஸ்கை மாற்றியவர்களுக்குக் குணம் தெரியவில்லை; இன்டெக்ஸைப் புதிதாகக் கட்டியவர்களுக்கு உடனே தெரிந்தது.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஆகையால் மூன்றாவது கட்டமாகிய விசாரணையை விரைந்து முடிக்க வேண்டியிருக்கிறது. கடைசியாகச் சரியாக இருந்த பேக்கப் எது, அதற்குப் பின் மின்சாரம் போனதா, டிஸ்க் நிறைந்ததா, எதையேனும் புதுப்பித்தார்களா, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்பை நிறுத்தாமலேயே யாராவது காப்பி எடுத்துப் பிறகு அதையே திரும்ப வைத்தார்களா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். யாராவது எதையாவது அழித்தார்களா என்றும் கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸின் லாக் இருந்த கோப்புறைக்கு முன்பு பிஜி எக்ஸ்லாக் என்று பெயர். வெறும் நிகழ்ச்சிக் குறிப்பு என்று நினைத்து, இடம் மிச்சப்படுத்துவதற்காக அதை அழித்தவர்கள் ஏராளமாக இருந்தபடியால், 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள். இயங்குதளத்தின் பதிவுகளையும் படிக்க வேண்டும். எழுதுவதில் பிழை நேர்ந்தால் லினக்ஸ் அதை ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, மறுபடி கேட்டால் எல்லாம் சரி என்று சொல்லிவிடக்கூடும் என்பதை 2018-இல் கிரெய்க் ரிங்கர் என்ற நிபுணர் எடுத்துக்காட்டினார். இரண்டாம் பதிலை நம்பி வந்த போஸ்ட்கிரெஸ், 2019 பிப்ரவரியிலிருந்து, முதல் பிழையிலேயே நின்று லாகிலிருந்து மீளும்படி திருத்தப்பட்டது.

நேயர்களில் சிறிய அலுவலகமோ கடையோ நடத்துபவர்கள் பலர் இருக்கக்கூடும். கேடு வந்தால் முதலில் பிரதி, பிறகு பார்வை, அதன் பிறகே பழுதுநீக்கம் என்ற வரிசையை உங்கள் சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் வற்புறுத்துங்கள். செக்சம் போடப்பட்டிருக்கிறதா, கார்டின் பேட்டரி உயிரோடிருக்கிறதா, பேக்கப்பை எடுத்ததோடு நில்லாமல் வேறொரு கணினியில் திரும்ப ஏற்றிப் பார்த்தாரா என்று இந்த வாரமே அவரைக் கேளுங்கள்.