திருப்பதி வழியில் ரயில் சீட்டும் அதன் கால எல்லையும்



விடுமுறைக்குத் தாயகம் திரும்பும்போது திருமலைக்கும் சென்று வருவது நம்மவர் குடும்பங்கள் பலவற்றின் வழக்கம். தில்லியிலிருந்தோ மும்பையிலிருந்தோ புறப்படுவதற்கு நெடுநாள் முன்னதாகவே நீண்ட தூர வண்டியில் இடம் பிடித்துக் கொள்கிறோம். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக் கொள்கிறோம். நாளையும் நேரத்தையும் பத்து முறை பார்த்துக் கொள்கிறோம். ஆனால் திருப்பதியிலிருந்து சித்தூருக்கோ, காட்பாடிக்கோ, சென்னைக்கோ வாங்கும் சிறிய சீட்டைப் பற்றி யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. சங்கடம் பெரும்பாலும் அங்கேதான் நேருகிறது. ஆகையால் இன்று அந்தச் சிறிய சீட்டைப் பற்றியே முதலில் பேசுவோம்.

சித்தூர்ச் சீமை நமக்கு அந்நியமன்று. வட ஆர்க்காட்டின் சில தாலுக்காக்களையும் கடப்பையின் சில தாலுக்காக்களையும் சேர்த்து 1911இல் சித்தூர் ஜில்லா அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தோடு போயிற்று. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இப்படி மாறி மாறி வந்தபோதிலும் தண்டவாளம் அந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. திருப்பதியிலிருந்து பாகாலை, சித்தூர் வழியாகக் காட்பாடிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். ரேணிகுண்டா, அரக்கோணம் வழியாகச் சென்னைக்குச் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். ரயில்வே நிர்வாகம் பார்ப்பது மாநிலத்தை அன்று, கிலோமீட்டரை. இந்த ஊர்களெல்லாம் இருநூறு கிலோமீட்டருக்கு உட்பட்டவை என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். மேலே சொல்லப் போவது முழுவதும் அந்த எண்ணைப் பொறுத்தது.

முன்பதிவு இல்லாத சீட்டில் பெயர் இல்லை, ஆசன எண் இல்லை, இன்ன வண்டி என்ற குறிப்பும் பெரும்பாலும் இல்லை. பரிசோதகர் கண்ணில் படாமல் ஒரு முறை போய்ச் சேர்ந்தவர், அதே சீட்டை அதே நாளில் மறுபடி பயன்படுத்தவோ வேறொருவருக்குக் கைமாற்றவோ முடியும். இதற்கு இடம் கொடாத வண்ணம் 2016 மார்ச்சு முதல் தேதியிலிருந்து ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. 199 கிலோமீட்டர் வரையிலான பிரயாணத்துக்கு முன்பதிவில்லாச் சீட்டைப் பிரயாண நாளன்றே வாங்க வேண்டும். வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்குச் செல்லும் அடுத்த முதல் வண்டி புறப்படும் வரையில், இவ்விரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பிரயாணத்தைத் தொடங்கிவிட வேண்டும்.

"எது பிந்தியதோ" என்ற சொற்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்கிறோம். காலை எட்டு மணிக்குச் சித்தூருக்குச் சீட்டு வாங்குகிறீர்கள். அடுத்த வண்டி ஒன்பது மணிக்கு என்று வைத்துக் கொள்வோம். அதைத் தவறவிட்டாலும் பதினொரு மணி வரையில் சீட்டுக்கு உயிர் உண்டு. அடுத்த வண்டியே பன்னிரண்டரைக்குத்தான் என்றால், மூன்று மணி நேரம் கடந்துவிட்டதே என்று கலங்க வேண்டாம். அந்த வண்டி புறப்படும் வரையில் சீட்டு செல்லும். ஆனால் பன்னிரண்டரை வண்டியையும் விட்டுவிட்டு மாலை வண்டிக்குக் காத்திருந்தால், கையில் இருப்பது வெறுங்காகிதம்.

இனித் திருப்பதி யாத்திரிகரின் நிலையைப் பாருங்கள். காலையில் நிலையத்தில் இறங்குகிறார். சீட்டு வழங்கும் சன்னலில் கூட்டம் இல்லை. "மாலையில் கூட்டம் நெருக்கும், இப்போதே சென்னைக்கு வாங்கி வைத்துவிடுவோம்" என்று ஐந்து பேருக்கும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டு மலை ஏறுகிறார். பொறுப்புள்ள குடும்பத் தலைவர் செய்யக்கூடிய காரியந்தான் இது. ஆனால் வைகுண்டம் வரிசை வளாகத்தினுள் அமர்ந்தவருக்கு எப்போது தரிசனம் கிட்டும் என்பதை யாரால் உறுதி கூற முடியும்? நேரம் குறித்த அனுமதிச் சீட்டு உள்ளவருக்கே காத்திருப்பு உண்டு. இல்லாதவர் கூட்ட நாட்களில் இரவு முழுவதும் உள்ளே இருக்க நேரும். தரிசனம் முடித்து, முடி காணிக்கை கொடுத்த தலையோடும் லட்டுப் பையோடும் அவர் நிலையத்துக்குத் திரும்பும்போது அந்த ஐந்து சீட்டுகளும் காலாவதியாகிப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

அதை அறியாமல் வண்டி ஏறினால் என்ன ஆகும்? 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138ஆவது பிரிவின்படி, உரிய சீட்டு இன்றிப் பிரயாணம் செய்பவர் கட்டணத்தோடு மிகைக் கட்டணமும் செலுத்த வேண்டும். அது கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. தலைக்கு 250 என்றால் ஐந்து பேருக்கு 1,250 ரூபாய், கட்டணம் வேறு. பணத்தைவிட, புண்ணிய யாத்திரை முடித்துத் திரும்புகிறவர் மனைவி மக்கள் எதிரில் சீட்டில்லாப் பிரயாணியாக நிற்க நேர்வதே பெரிய துயரம். தெலுங்கில் பரிசோதகர் கேட்பதும், இவர் தமிழிலும் இந்தியிலும் மாற்றி மாற்றி விளக்குவதும் கேட்கச் சகிக்காத காட்சி. விதி இருப்பது நியாயமே. ஆனால் தரிசனத்துக்கு மணிக்கணக்கு இல்லாத ஓர் ஊரில், இதைச் சீட்டு வழங்கும் இடத்திலேயே பெரிய எழுத்தில் நம் மொழியிலும் எழுதி வைப்பது நல்லதென்று நமக்குத் தோன்றுகிறது.

ஆகவே மலையிலிருந்து இறங்கி நிலையம் வந்த பிறகே ஊர்ச் சீட்டை வாங்குங்கள். கைபேசியில் சீட்டு வாங்குவோருக்கும் இதே கால எல்லைதான். கருவி புதிது, விதி பழையது. தவறி முன்னதாக வாங்கிவிட்டால் மூன்று மணி நேரத்துக்குள் சன்னலில் திருப்பிக் கொடுக்கலாம்; ஆனால் ஆளுக்கு முப்பது ரூபாய் கழித்துக் கொள்வார்கள். சித்தூர்ச் சீட்டைப் போன்ற குறைந்த கட்டணச் சீட்டில் கழித்தது போக மிஞ்சுவது சொற்பமே.

இருநூறு கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் விதி வேறு. திருப்பதியிலிருந்து காட்பாடி, வேலூர் வழியாக விழுப்புரம் செல்வோர் முன்பதிவில்லாச் சீட்டைப் பிரயாண நாள் நீங்கலாக மூன்று நாட்கள் முன்னதாகவே வாங்கலாம். சீட்டில் குறித்த நாளில் பிரயாணம் தொடங்க வேண்டும், அவ்வளவே. அதிவிரைவு வண்டியில் ஏறுவதானால் அதற்குரிய கூடுதல் கட்டணம் சீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கொள்வது நலம்.

தொலைவிலிருந்து வருவோருக்கு உதவக்கூடிய, ஆனால் நம்மவர் அதிகம் அறியாத சலுகை ஒன்று உண்டு. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒருவழிச் சீட்டு உடையவர் இடையில் இறங்கித் தங்கிச் செல்லலாம். ஆயிரம் கிலோமீட்டர் வரையிலான சீட்டுக்கு ஒரு முறை, அதற்கு மேற்பட்டால் இரு முறை. முதல் தங்கலுக்கு முன் ஐந்நூறு கிலோமீட்டராவது கடந்திருக்க வேண்டும். வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக இரண்டு நாட்கள் தங்கலாம். மும்பையிலிருந்து புனே, குண்டக்கல், கடப்பை வழியாகச் சென்னைக்கு வரும் குடும்பம் ரேணிகுண்டாவில் இறங்கி, பத்துக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பதிக்குச் சென்று சுவாமி தரிசனம் செய்து, மீண்டும் ரேணிகுண்டா வந்து அதே சீட்டில் சென்னைக்குப் போகலாம். இறங்கிய நிலையத்தில் நிலைய அதிகாரியிடம் சீட்டில் குறிப்பு எழுதி வாங்கிக் கொள்வது அவசியம். இடம் ஒதுக்கிப் பிரயாணம் செய்வோர், இன்ன ஊரில் தங்கப் போகிறோம் என்பதை முன்பதிவு செய்யும்போதே படிவத்தில் எழுதி, இரு பகுதிகளுக்கும் இடம் கேட்க வேண்டும். இராஜதானி, சதாப்தி போன்ற வண்டிகளில் இச்சலுகை இல்லை.

முன்பதிவுச் சீட்டின் காலக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2024 நவம்பர் முதல் தேதியிலிருந்து, பிரயாண நாள் நீங்கலாக அறுபது நாட்கள் முன்னதாகப் பதிவு தொடங்குகிறது. அதற்கு முன் நூற்றிருபது நாட்களாக இருந்தது. தட்கல் சீட்டு முதல் நாள் காலையில் கிடைக்கும்: குளிர்சாதன வகுப்புகளுக்குப் பத்து மணி, மற்றவற்றுக்குப் பதினொரு மணி. இரண்டிலும் நாள் கணக்கு நீங்கள் ஏறும் ஊரைக் கொண்டு அன்று, வண்டி கிளம்பும் ஊரைக் கொண்டே பார்க்கப்படுகிறது. தில்லியில் புறப்பட்டு மறுநாள் ரேணிகுண்டாவைத் தொடும் வண்டிக்கு, அது தில்லியை விட்டுக் கிளம்பும் நாளுக்கு முதல் நாளே தட்கல் திறந்துவிடும். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் வாங்க ஆதார் சரிபார்ப்பும் கட்டாயம். உறுதியான தட்கல் சீட்டை ரத்துச் செய்தால் பணம் திரும்பாது.

நள்ளிரவு வண்டிகள் இன்னொரு பொறி. பதினைந்தாம் தேதி 0 மணி 20 நிமிடத்துக்கு வண்டி என்றால், பதினான்காம் தேதி இரவு உணவை முடித்துக் கொண்டு நிலையத்துக்குப் போய்விட வேண்டும். பதினைந்தாம் தேதி இரவு போனால் முந்தின இரவே வண்டி போயிருக்கும். சீட்டும் அதோடு போயிற்று.

காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணையச் சீட்டு, இறுதிப் பட்டியல் தயாரானபின் ஒருவருக்கும் இடம் கிடைக்காவிட்டால், தானே ரத்தாகிவிடும். அதை வைத்துக் கொண்டு ஏறக் கூடாது. சன்னலில் வாங்கிய காத்திருப்புச் சீட்டானால் பொதுப் பெட்டியில் மட்டும் செல்லலாம். அந்த இறுதிப் பட்டியல் முன்னெல்லாம் வண்டி புறப்பட நான்கு மணி நேரம் இருக்கும்போது வெளியாயிற்று. 2025 முதல் அதற்கும் வெகு முன்னதாகவே வெளியாகிறது. காலை வண்டி என்றால் முதல் நாள் இரவே உங்கள் நிலை தெரிந்துவிடும்.

வழியனுப்ப வரும் உறவினருக்கு ஒரு சொல். பிளாட்பாரச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்கே செல்லும். வண்டி தாமதம் என்று தெரிந்தால், வெளியிலேயே காப்பி அருந்திவிட்டு, வண்டி வரும் சமயத்தில் அதை வாங்கிக் கொண்டு உள்ளே வரலாம். தாமதத்தை அறிய 139 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.