தூண்டிலும் மீனும்

(வேலப்பன்சாவடியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைப்பேசியைப் பற்றிப் பேசுமாறு செயலாளரவர்கள் என்னைப் பணித்தனர். தமிழாசிரியனுக்கும் கைப்பேசிக்கும் என்ன உறவென்று சிலர் நகைக்கலாம். நகைக்குமுன் நம் ஊர்ப்பெயரைச் சற்றே எண்ணுங்கள். சாவடியாவது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் இடம். சென்னையினின்று பூவிருந்தவல்லி செல்லும் பெருவழியில் அமைந்த ஊருக்கு அப்பெயர் பொருத்தமே. வந்தவரை ஏற்று, களைப்பு நீக்கி, விடிந்ததும் வழியனுப்புவது சாவடியின் அறம். வந்தவரை எழவொட்டாமற் செய்யும் இடத்துக்குப் பெயர் வேறு. கைப்பேசிச் செயலிகளையும் யான் இவ்விரு வகையாகவே காண்கிறேன்.

பயனுடைய பொருளின் இலக்கணம் எளிது: வேலை முடிந்ததும் அதுவும் ஒதுங்கிவிடும். 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையால் பூக்கடையில் இருபது ரூபாய் செலுத்துகிறோம். செலுத்தியதும் கைப்பேசி சட்டைப்பைக்குட் சென்றுவிடுகிறது. (அப்பணச் செயலிகளிலுஞ் சில, செலுத்தி முடித்தபின் சுரண்டிப் பார்க்க ஒரு பரிசுச் சீட்டை நீட்டப் பழகிவிட்டன. சாவடித் திண்ணையில் எவனோ சூதுப்பலகை விரித்தாற்போன்றது அது.) தமிழன்பர்க்கு மற்றொன்று கூறுவேன். 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நன்னாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாட்டுத் தமிழன்பர் ஊதியங் கருதாது தட்டெழுதிய பழந்தமிழ் நூல்கள் அதன்கண் இலவசமாகக் கிடைக்கின்றன. வேண்டியதைப் படித்து மூடலாம். மூடாதே என்று அது நம்மைக் கெஞ்சுவதில்லை.

பயனொன்றே போதும், இன்பம் வேண்டா என்பாரோடு யான் உடன்படேன். விளையாட்டின்றி இளமை ஏது? நமக்கு அண்மையிலுள்ள மேல் அயனம்பாக்கத்துப் பள்ளியிற் பயின்ற குகேஷ், 2024 டிசம்பர் 12-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை வென்று, பதினெட்டு வயதிலேயே உலகச் சதுரங்க வாகை சூடினார். சதுரங்கமும் பித்தேற்றவல்லதே. ஆயினும் அரசன் அகப்பட்டால் ஆட்டம் முடிந்தது, தோல்வியின் காரணமும் பலகையிலேயே கிடக்கும், ஆராய்ந்து தேறலாம்.

இனித் தூண்டிலுக்கு வருவோம். அமெரிக்க உளநூலறிஞர் ஸ்கின்னர் புறாக்களைக் கூட்டிலிட்டு ஆராய்ந்தார். கொத்துந்தோறும் தானியம் விழுமாறு அமைத்தால், தானியம் நின்றதும் புறா விரைவில் ஓய்ந்துவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழுமென்று அறியவியலாதபடி அமைத்தாலோ, தானியம் நின்றபின்னும் நெடுநேரம் கொத்திக்கொண்டேயிருக்கும். உறுதியான பரிசைவிட, உறுதியற்ற பரிசே கட்டிப்போடுகிறது. அடுத்த துணுக்குப்படம் சுவைக்குமோ சுவையாதோ என்று விரலால் தள்ளிக்கொண்டேயிருக்கும் நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளை மட்டுமோ? நம்மையும் எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு முடிவேயில்லாதவாறு தொடர்ந்து இறங்கும் அமைப்பை 2006-இல் வகுத்த ஆசா ராஸ்கின் என்பவரே பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். நூலுக்கு இயல் முடிவுண்டு, நாடகத்துக்குத் திரையுண்டு. எழுந்துசெல்ல நினைவூட்டும் அவ்வெல்லையையே இவ்வமைப்பு அழித்துவிட்டது.

2014-இல் நிர் இயால் என்பவர், மக்கள் மீண்டும் மீண்டும் நாடும் பழக்கத்தைப் பொருள்களில் அமைப்பது எங்ஙனமென்று ஒரு நூல் எழுதினார். அதன் ஆங்கிலப் பெயர் தூண்டிலில் மாட்டியவர் என்னும் பொருளது. கவனச்சிதறலினின்று தப்பும் வழியை 2019-இல் மற்றொரு நூலாக எழுதினார். தூண்டிற்காரர்க்கு ஒன்று, மீனுக்கு ஒன்று! நம் வள்ளுவனாரோ என்றும் மீனின் பக்கமே நின்றார். கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே சூதினை வைத்து, அதன் முதற்குறளிலேயே தூண்டிலை உவமையாக்கினார். தோற்றவனுக்கன்று, வென்றவனுக்கே அவ்வுவமையைக் கூறினார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. முதல் வெற்றிதான் இரை.

அவ்விரையின் கொடுமையை ஆன்லைன் ரம்மியிற் கண்டோம். திருமணத்துக்குச் சேர்த்த பொருளும் தாலியும் போக, உயிரையே மாய்த்துக்கொண்டோர் நம் தமிழ்நாட்டில் உளர். 2021-இல் இயற்றிய தடைச்சட்டத்தை அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றம் நீக்கிற்று. 2022-இல் நீதிபதி சந்துரு தலைமையிற் குழு அமைந்தது. பின்னர் வந்த புதுச்சட்டம் ஆளுநராற் திருப்பப்பெற்று, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. நவம்பரில் நீதிமன்றம் அதனை ஏற்று, ரம்மி, போக்கர் ஆகியவற்றின் மீதான தடையை மட்டும் விலக்கிற்று. 2025 பிப்ரவரியில் வந்த விதிகள், பணம் வைத்தாடும் ஆட்டங்களுள் நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை நுழைவதைத் தடுத்தன. நிறுவனத்தார் அவ்விதிகளை எதிர்த்து வழக்காடி, ஜூன் 3-இல் தோற்றனர். அகராதி விற்போர் எவரேனும் நள்ளிரவு நேரத்துக்காக வழக்காடியதுண்டோ? அவர்கள் வேண்டிய பொழுது எதுவென்பதே அவர்தம் பண்டம் எத்தகையதென்பதைக் காட்டிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. அச்சட்டம் ஆட்டத்தை நடத்துவோரைத் தண்டிப்பது, ஆடியவரையன்று.

இதனை யான் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. இத்தகைய கடனை நம்மனோர் குடிமானம் கருதி மறைக்கின்றனர். மறைக்க மறைக்க வட்டி வளர்கிறது. பெண் கொடுப்பார் அறிவரோ, பங்காளிகள் ஏசுவரோ என்னும் அச்சத்தினாலேயே வாய்திறவாத வீடுகள் உள. ஆகலின் நம் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். இவ்வாறு அகப்பட்டவர் வந்து சொன்னால், அச்செய்தி செயற்குழுவினின்று வெளியே செல்லாதிருக்கட்டும். திருமணப் பந்தியில் அதைப் பேசுவோரை நாம் மதியாதிருப்போம். மனம் மிக நொந்தவர் 14416 என்னும் அரசு மனநலத் தொலைபேசி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

பணமாட்டத்தைச் சட்டம் தடுக்கலாம். துணுக்குப்படத்தை நாமே தடுத்தல் வேண்டும். அறிவிப்பொலிகளை நிறுத்துக. தானே அடுத்ததை ஓட்டும் வசதியை அணைத்துவிடுக. இரவிற் கைப்பேசி சமையலறையில் மின்னேறட்டும். தந்தையின் கைப்பேசியும் அவ்விடத்தே கிடக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்திற்கு வருவோர் தத்தம் கைப்பேசியை மறவாது கொணருங்கள். இவற்றைச் செய்யும் முறையை நம் கல்லூரி மாணவர் இருவர் ஒவ்வொருவர்க்கும் அருகமர்ந்து காட்ட இசைந்துள்ளனர்.