பின்னச்சு ஒன்றா, இரண்டா?

தெமட்டகொடையிற் புகையிரத இயந்திரங்கள் தங்கிச் செல்லும் கொட்டகையின் பக்கமாக நடந்து செல்பவர் ஓர் உண்மையை எளிதிற் காணலாம். அங்கே நிற்கும் வண்டிகளில், இடப்புறச் சில்லும் வலப்புறச் சில்லும் ஒரே உருக்குத் தண்டின் இரு முனைகளிலும் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும். ஒன்று சுழன்றால் மற்றதும் சுழலும். ஒன்று சாய்ந்தால் மற்றதும் சாயும். மாட்டு வண்டியின் அச்சும் குறுக்கே ஒரே துண்டுதான். ஆங்கு அச்சு நிற்கச் சில்லு மட்டும் சுழலும், அவ்வளவே வேறுபாடு. தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டிக்கு அந்த உருக்குத் தண்டு போதும். விரைந்து ஓடவேண்டிய மோட்டார்க் காருக்கும் அது போதுமா என்பதே இங்கு எழும் கேள்வி.

அக்கொட்டகையைக் கடந்து பேஸ்லைன் வீதிப் பக்கம் வந்தாற் கராஜ்கள் தொடங்கிவிடும். மருதானைத் திசையிற் சென்றால், உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை. இப்பகுதிக் கராஜ் ஒன்றில் ஓர் இளைஞர் நிற்பதாகக் கொள்க. சித்திரை மாதத்தில் நுவரெலியாவில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியிற் கலந்துகொள்வது அவரது நெடுநாள் ஆசை. 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய போட்டி அது. சில ஆண்டுகளாகச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. ஒரு காருக்கு மட்டுமே போதுமான பணம். அவர் முன்னே இரண்டு பழைய கார்கள். ஒன்று டிரையம்ப் ஹெரால்ட். பின்சில்லுகள் இரண்டும் தனித்தனியே ஏறி இறங்கும். மற்றது போர்ட் எஸ்கோர்ட்; பின்னால் ஒரே அச்சு, தகட்டு வில்லின்மேல். "தனித்தனியே இயங்குவது புதியது, ஒற்றை அச்சு பழையது. புதியதை வாங்குவதே அறிவு" என்கிறார் அவருடைய நண்பர். கராஜின் மூத்த மெக்கானிக் இதைக் கேட்டு வாய் திறக்கவில்லை.

நண்பரின் கூற்றிற் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை முதலிற் காண்பது நலம்.

ஒற்றைப் பின்னச்சுடைய காரில், நடுவேயுள்ள டிபரென்ஷல் பெட்டியும், இருபுறக் குழாய்களும், அவற்றுள் ஓடும் தண்டுகளும், முனையிலுள்ள தடுப்புகளும் சில்லுகளும் ஒரே தொகுதியாக வில்லின் கீழே கிடக்கின்றன. டிபரென்ஷல் இருப்பதால் வளைவுகளில் இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்திற் சுழலும்; ஆயினும் ஏறி இறங்குவதில் அவை ஒன்றோடொன்று கட்டுண்டவையே. ஒரு சில்லு 5 சென்ரிமீற்றர் உயரமுள்ள கல்லின்மேல் ஏறுகிறது என்க. இரு சில்லுகளுக்கும் இடையே 120 சென்ரிமீற்றர் இருந்தால், அச்சு முழுவதும் இரண்டரைப் பாகையளவு சாய்கிறது. கல்லைக் காணாத சில்லும் சேர்ந்து சாய்கிறது. அன்றியும், வில்லின் கீழுள்ள பாரம் மிகுதி. பாரமான பொருளைப் பள்ளம் ஒன்று மேலே எறிந்தால், அது மீண்டும் நிலத்தைத் தொடச் சற்று நேரம் பிடிக்கும். நிலத்தைத் தொடாத டயர் தள்ளவும் மாட்டாது, தடுக்கவும் மாட்டாது.

பலரும் நினையாத குறை வேறொன்றுண்டு. இயந்திரத்திலிருந்து பின்னோக்கி வரும் சுழல்தண்டு, முன்னாலிருந்து நோக்குவார்க்கு வலஞ்சுழியாகத் திரும்புகிறது. அத்திருப்பு விசை அச்சு முழுவதையும் தன்னோடு திருப்ப முயல்கிறது. விளைவாக இடப்பக்கப் பின்சில்லு நிலத்தில் அழுத்தப்பட, வலப்பக்கச் சில்லு இலேசாகிறது. வலிமை மிக்க இயந்திரமுடைய கார் புறப்படும்போது வலப்பக்க டயர் புகைவதற்கு இது ஒரு காரணம். தகட்டு வில்களும் அவ்வேளை எஸ் வடிவில் முறுகி, மீண்டு, மறுபடியும் முறுகும். அச்சு தடதடவெனத் துள்ளும். தனித்தொங்கலிலோ டிபரென்ஷல் பெட்டி காரின் உடலோடு பூட்டப்பட்டிருப்பதால், அத்திருப்பு விசையை உடலே தாங்கிக்கொள்கிறது. சில்லுகளுக்கு அது எட்டுவதில்லை.

இவ்வளவையும் கேட்டால் நண்பரே வென்றவர் எனத் தோன்றும். ஆனால், தனித்தொங்கல் என்பது ஒரு பெயரேயன்றி ஒரு பொருளன்று. ஹெரால்டின் பின்புறத்தில் இருப்பது அதன் மிகப் பழைய வகை, ஊசலச்சு எனலாம். எட்மண்ட் ரும்ப்ளர் என்னும் பொறியியலாளர் 1903 இலே இதற்கு உரிமம் பெற்றார். டிபரென்ஷல் பெட்டியின் இருமருங்கும் ஒவ்வொரு கீல்; அக்கீலினின்றும் அரைத்தண்டு ஒன்று கதவுபோல் மேலும் கீழும் ஆடும்; அதன் முனையிற் சில்லு. அரைத்தண்டின் நீளம் 60 சென்ரிமீற்றர் எனில், சில்லு 5 சென்ரிமீற்றர் ஏறினாலோ இறங்கினாலோ அது ஏறத்தாழ 5 பாகை சாயும். ஒற்றை அச்சு சாய்ந்ததைப்போல் இருமடங்கு.

வளைவிலே நிகழ்வது இன்னும் கொடியது. வளைந்து செல்லும் காரின் பாரம் வெளிப்புறச் சில்லின்மேல் ஏறுகிறது. நிலம் அந்த டயரை வளைவின் உட்புறமாகத் தள்ளுகிறது. அரைத்தண்டின் கீலோ நிலத்தினின்றும் உயர்ந்த இடத்தில் இருக்கிறது. ஆதலின் அத்தள்ளுவிசை சில்லை உடலின் கீழே செருகப் பார்க்கிறது. உடல் மேலே எழும்புகிறது. எழும்ப எழும்பச் சில்லின் அடி உள்ளே மடிகிறது. மடிய மடிய டயரின் பிடி தளர்கிறது. சாரதி அஞ்சிக் காலை எடுத்தாலோ, தடுப்பை மிதித்தாலோ, பாரம் முன்னே சாய்ந்து பின்புறம் இன்னும் உயர்கிறது. அஞ்சியவன் இயல்பாகச் செய்யும் செயலே அவனைக் கவிழ்த்துவிடக்கூடும். சமதரையிற் சறுக்கினாற் புல்வெளியிற் போய் நிற்கலாம். மலைநாட்டு வீதியின் விளிம்பிற்கு அப்பால் இருப்பது புல்வெளியன்று.

அமெரிக்காவில் 1960 இல் வெளிவந்த ஷெவ்ரலே கோர்வேர் என்னும் காரிலும் ஊசலச்சே இருந்தது. ரால்ப் நேடர் 1965 இல் எழுதிய நூலின் முதல் அத்தியாயம் அக்காரைப் பற்றியதே. அந்நூல் வெளிவருமுன்னரே, 1964 ஆம் ஆண்டுக் காருக்குக் குறுக்கு வில் ஒன்றைச் சேர்த்தும், 1965 ஆம் ஆண்டுக் காரிற் பின்தொங்கலையே மாற்றியும் அந்நிறுவனத்தார் திருத்தம் செய்திருந்தனர். டிரையம்ப் நிறுவனத்தாரும் சும்மா இருக்கவில்லை. ஹெரால்டின் உறவுக் காராகிய ஜீடீ6 இற்கு 1968 இற் கீழ்க்கை ஒன்றைப் பொருத்தினர். ஸ்பிட்பயருக்கு 1970 இற் குறுக்கு வில்லை நடுவிற் சுழலுமாறு அமைத்தனர். ஹெரால்ட் மட்டும் 1971 இல் உற்பத்தி முடியும்வரை பழைய வில்லோடே இருந்தது.

இவ்விடத்திற் சென்னைக் கதை ஒன்று கூறத்தக்கது. துண்டு துண்டாகப் பூட்டக்கூடிய சட்டகமும் உடலும் கொண்டதாகையால், ஹெரால்ட் பிற நாடுகளிற் பூட்டுவதற்கு மிக ஏற்றதாயிருந்தது. சென்னையிலிருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதனைத் தயாரித்தது. இந்தியாவுக்கென்றே நான்கு கதவுடைய ஹெரால்டையும் செய்தது. ஆனால் அந்நாட்டு வீதிகளும், பயணிகளை நெருக்கி ஏற்றும் வாடகைக் கார்ச் சாரதிகளும் ஊசலச்சோடு ஒத்துப்போகவில்லை. பாரம் ஏறியதும் பின்சில்லுகள் இரண்டும் மேற்புறம் உள்ளே சாய்ந்து, தவளை குந்தியதுபோல் கார் நிற்பதைப் பழைய படங்களிற் காணலாம். 1972 இல் அதே 948 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தோடு கெசல் என்னும் புதிய உருவம் வெளிவந்தபோது, அதன் பின்னால் இருந்தது ஒற்றை அச்சு! உலகம் பழமையிலிருந்து புதுமைக்குச் செல்லும் என்பர். சென்னையில் அஃது எதிர்த்திசையிற் சென்றது. அதனை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. இங்கிலாந்தின் ரோவர் நிறுவனமும் அவ்வாறே நடந்தது. 1963 இன் ரோவர் 2000 காரில், டிபரென்ஷலை உடலோடு பூட்டிச் சில்லுகளை மட்டும் ஒரு குழாயால் இணைக்கும் டீ டியோன் அச்சு இருந்தது. இரண்டுக்கும் நடுவான வழி அது. 1976 இல் வந்த அடுத்த பெரிய ரோவரிலோ சாதாரண ஒற்றை அச்சு. அக்கார் ஓட்டப்பந்தயங்களிலும் பேர் பெற்றது.

அங்ஙனமாயின் ஒற்றை அச்சே சிறந்ததா? அதுவுமன்று. 1961 இன் ஜாகுவார் ஈ வகைக் காரிலுள்ள தனித்தொங்கல் வேறு இனம். ஒவ்வொரு பக்கமும் கீழே ஒரு கை, அரைத்தண்டே மேற்கை, பக்கத்திற்கு இரண்டு சுருள் வில், தட்டுத் தடுப்புகள் சில்லை விட்டு உள்ளே டிபரென்ஷலின் ஓரமாக வந்துவிட்டன. சில்லோடு துள்ளும் பாரம் குறைந்தது, சாய்வும் அடங்கியது. ஆனால் அத்தடுப்புகளைப் பழுதுபார்க்கப் புகுந்த மெக்கானிக்குகளின் பெருமூச்சைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். பெரும்பாலும் தொகுதி முழுவதையும் இறக்கித்தான் வேலை பார்க்கவேண்டும்.

மறுபுறம், ஒற்றை அச்சைத் திருத்தப் புகுந்தவரும் சூடுபட்டதுண்டு. 1963 இல் வந்த லோட்டஸ் கோர்ட்டினாவில், தகட்டு வில்லை நீக்கிச் சுருள் வில்லும், அச்சின் நடுவைப் பிடிக்கும் ஏ வடிவக் கையும் வைத்தனர். 1964 இல் ஜிம் கிளார்க் அக்காரில் பிரித்தானியச் சலூன் கார்ப் போட்டித் தொடரை வென்றார். ஆனால் அந்தக் கை டிபரென்ஷல் பெட்டியை இழுத்து வருத்த, பெட்டி தளர்ந்து எண்ணெய் கசிந்தது. 1965 இற் பழையபடி தகட்டு வில்லுக்கே திரும்பினர். துணைக்கு இரு நீளக் கைகள் மட்டும்.

வாதத்தை விட்டு வெற்றியாளர் பட்டியலைப் பார்ப்பவர்க்குக் கிழக்காபிரிக்கச் சபாரிப் போட்டியை விடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. சேறும் புழுதியும் கல்லும் நிறைந்த வீதி அது. 1970, 1971 இல் வென்ற டட்சன் கார்கள் தனித்தொங்கலுடையவை. 1972 இல் ஒற்றை அச்சு எஸ்கோர்ட். 1973 இல் மீண்டும் தனித்தொங்கல் டட்சன். 1974 இல் ஒற்றை அச்சு லான்சர். ஓட்டியவர் கென்யாவின் ஜோகிந்தர் சிங். 1975 இல் தனித்தொங்கல் பேஜோ 504. 1976 இல் மறுபடியும் ஜோகிந்தர் சிங்கும் லான்சரும். 1977 இல் எஸ்கோர்ட். 1978 இற் பேஜோ. 1979 முதல் 1982 வரை நான்கு ஆண்டும் ஒற்றை அச்சு டட்சன். ஓட்டியவர் உகண்டாவிற் பிறந்த சேகர் மேத்தா. பதின்மூன்று ஆண்டுகளில் ஒற்றை அச்சுக்கு எட்டு, தனித்தொங்கலுக்கு ஐந்து. 1973 இல் தனித்தொங்கல் டட்சனில் வென்றவரும் அதே மேத்தாதான். அச்சு மாறியது, கைகள் மாறவில்லை.

இன்று நிலைமை வேறு. போர்ட் மஸ்டாங் தன் ஒற்றை அச்சை 2015 ஆம் ஆண்டுக் காரிற்றான் முற்றாகக் கைவிட்டது. நன்கு வகுத்த பல்கைத் தொங்கல் கரடு முரடான வளைவில் ஒற்றை அச்சை வெல்லும் என்பதில் இனி ஐயமில்லை. ஆயினும் நேர்கோட்டிற் கால் மைல் ஓடும் பந்தயக்காரர் சிலர், தனித்தொங்கலைக் கழற்றி எறிந்துவிட்டு ஒற்றை அச்சைப் பூட்டுகின்றனர். நின்ற இடத்திலிருந்து பாயும்போது பின்புறம் தாழ்ந்தாலும் ஒற்றை அச்சின் சில்லுகள் நிமிர்ந்தே நிற்கும். கெட்டியான ஒரு தண்டு உடைவதும் அரிது.

நேயர்கள் மீண்டும் தெமட்டகொடைக் கராஜுக்கு வரலாம். இளைஞர் மெக்கானிக்கை நோக்கி, "நானா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கிறார். அவர் ஹெரால்டின் பின்புறத்தை இரு கைகளாலும் தூக்கிக் காட்டுகிறார். சில்லுகளின் அடி உள்ளே மடிகிறது. "தம்பி, மகாகஸ்தோட்டையில் ஏறும்போது இஃது உங்களை ஒன்றும் செய்யாமல் விடலாம். ஆனால் ஏறிய கார் இறங்கவும் வேண்டுமே" என்கிறார். பின்னர் எஸ்கோர்ட்டின் கீழே படுத்து, தகட்டு வில்லின் முன்முனைச் சட்டகத்தை ஸ்குரூடிரைவரால் தட்டுகிறார். ஓரிடத்தில் ஓசை கெட்டியாக வருகிறது. மற்ற இடத்தில் துரு உதிர்கிறது.

அவ்விடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டவேண்டும். வில்லின் இரும்பிணைப்புகளையும் ரப்பர்களையும் மாற்றவேண்டும். அச்சு முறுகாதிருக்க இருபுறமும் நீளக்கை ஒவ்வொன்று, நல்ல அதிர்வுதாங்கிகள் நான்கு, புது டயர்கள் நான்கு. ஜாகுவார்த் தொங்கல் ஒன்றைத் தேடி அலைவதைவிட இது மலிவு; பஞ்சிகாவத்தையிற் பெரும்பகுதி அகப்படும். இளைஞர் கடதாசி ஒன்றை எடுத்துப் பட்டியல் எழுதத் தொடங்குகிறார். நண்பர் ஹெரால்டின் அழகிய முன்மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார். முழுமுகமும் முன்னே சாயும் அந்த மூடியைப் போல் வசதியானது எஸ்கோர்ட்டில் இல்லை என்பதை மெக்கானிக்கும் ஒப்புக்கொள்கிறார்.