புகையிலையும் மதுவும் நம் உடலும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



புகையிலையும் மதுவும் உடலுக்குச் செய்யும் கேட்டைப்பற்றிப் பேசும்படி காரியதரிசியார் பணித்தார். ஊராரைக் கண்டிப்பதற்கு முன் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பின்பு நம்மவர் தென்னிலங்கைப் பட்டினங்களிலெல்லாம் சுருட்டுக்கடை வைத்தனர். அந்தப் பணத்திற் பிள்ளைகள் படித்தனர், கோயில்களில் விளக்கெரிந்தது. என் பெரியப்பாவும் அத்தகைய கடைக்காரர். என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் அவர் வாங்கித் தந்தவை. ஆதலின் இங்கே நின்று புகையிலையை ஏசும்போது நன்றி கெட்டவன் போல ஒரு கூச்சம் உண்டாகிறது. ஆயினும் சொல்லாமலிருக்க இயலவில்லை. அவரைக் கொண்டுபோனதும் அந்தப் புகையிலையே.

அவர் சுருட்டுப் பிடிப்பவரல்லர். வெற்றிலையோடு புகையிலைத் துண்டொன்றைக் கொடுப்புக்குள் அடக்கிக்கொள்வார். நித்திரைக்குப் போகும்போதும் அது அங்கேயே இருக்கும். ஒருநாள் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் ஒன்று தென்பட்டது. நோவில்லை, நோவில்லாதபடியால் வைத்தியரிடம் போகவுமில்லை. ஓராண்டின் பின் அது புண்ணாயிற்று. வாய் திறக்க மாட்டாமல், பெரியம்மா கரண்டியாற் கஞ்சி பருக்கும் நிலை வந்தபிறகுதான் மகரகமைக்குக் கூட்டிச் சென்றோம். காலம் கடந்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையன்று. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப் புற்றுநோயே. “புகையிலை சேர்க்காவிட்டாற் குற்றமில்லை” என்பாரும் உளர். பாக்குத் தனியாகவே புற்றுநோயை விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004 இல் வெளியிட்ட நூலிற் கூறியிருக்கிறது. கன்னத்தின் உட்தோலை இறுக்கி வாய் திறப்பைக் குறைப்பதும் பாக்குத்தான். மங்கல காரியங்களில் தட்டில் வைக்கும் வெற்றிலை பாக்கை நான் குறை சொல்லவில்லை. அது தட்டிலேயே இருக்கட்டும்!

இனிச் சிகரட். இழுத்த சில வினாடிகளில் நிக்கொட்டின் மூளையை எட்டிவிடும். ஆளை அடிமையாக்குவது அது. கொல்லும் வேலையைப் பெரும்பாலும் செய்பவை தாரும் காபனோரொட்சைட்டும். காபனோரொட்சைட்டு, ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேலான பலத்தோடு குருதியிற் பற்றிக்கொள்கிறது. ஒட்சிசன் குறைந்த குருதியை வைத்துக்கொண்டு இருதயம் மாரடிக்க வேண்டியதாகிறது. சுவாசப்பையை மட்டும் நினைத்துப் பயப்படுகிறோம், இருதயத்தை மறந்துவிடுகிறோம்.

பிரித்தானியாவில் டோல், ஹில் என்னும் அறிஞர் இருவர் 1951 இல் தொடங்கி, ஆயிரக்கணக்கான வைத்தியர்களின் புகைத்தற் பழக்கத்தையும் மரணத்தையும் ஆராய்ந்தனர். ஐம்பதாண்டுக் கணக்கு 2004 இல் வெளிவந்தது. விடாமற் புகைத்தவர் சராசரி 10 ஆண்டுகளை இழந்தனர். 30 வயதில் நிறுத்தியவர் ஏறக்குறைய அந்தப் 10 ஆண்டுகளையும் மீட்டனர். 40 இல் 9, 50 இல் 6, 60 இல் 3. முன்வரிசையில் இருக்கும் ஐயாமார் அந்தக் கடைசி எண்ணைக் கவனிப்பார்களாக. மூன்று வருடமென்றால் ஒரு பேரப்பிள்ளை நடந்து பேசிப் பள்ளிக்குப் போகும் காலம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். புகையிலைக்கு வைக்காதது, அச்செடி அப்போது அமெரிக்காக் கண்டத்தைவிட்டு வராதபடியால். கள்ளானாலும் சாராயமானாலும் பியரானாலும் உள்ளிருக்கும் மதுசாரம் ஒன்றே. அதை உடைப்பது ஈரல். உடைக்கும்போது உண்டாகும் பொருளும் நஞ்சு. முதலில் ஈரலிற் கொழுப்புப் படியும். அந்நிலையிற் குடியை விட்டால் ஈரல் தேறிவிடும். பின்பு அழற்சி, அதன்பின் தழும்பேறிச் சுருங்கும். அந்நிலைக்குப் போனது பெரும்பாலும் திரும்புவதில்லை. புகைத்துக்கொண்டே குடிப்பவருக்கு வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பன்மடங்கு. “சளிக்கு ஒரு மிடறு பிராந்தி” என்பது வீண் பேச்சு. தோலிற் குருதி பரவிச் சூடு தெரியுமேயன்றி உடல் உள்ள சூட்டையும் இழக்கும். கசிப்பில் மெதனோல் கலந்துவிட்டாற் கண் குருடாகும், உயிரும் போகும்.

ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் ரோசத்தில் ஒரே நாளில் விடலாகாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் துணையோடு விடுதல் வேண்டும்.

21 வயதுக்குட்பட்டவருக்குச் சிகரட்டோ மதுவோ விற்கலாகாதென்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆயினும் பிள்ளையின் கையிற் காசைக் கொடுத்து, “தம்பி, ஓடிப்போய் ஒன்று வாங்கி வா” என்று அனுப்பும் தகப்பன்மாரை இந்தக் கொம்பனித்தெருவிலேயே கண்டிருக்கிறேன். அவர்களுட் சிலர் இங்கும் இருக்கிறீர்கள். கோபிக்க வேண்டாம்.

மேசையில் ஒரு கண்ணாடியும் டோர்ச் விளக்கும் வைத்திருக்கிறேன். வெற்றிலை போடுபவர்கள் போகுமுன் கன்னத்தின் உட்புறம், நாவின் ஓரம், நாவின் அடி மூன்றையும் பாருங்கள். வெள்ளையோ சிவப்போ படலம் இருந்தால், அல்லது இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் இருந்தால், வோட் பிளேசிலுள்ள தேசியப் பல் வைத்தியசாலைக்குப் போகலாம். தனியே போக அஞ்சுபவர் என்னிடம் சொல்லுங்கள். காலையில் நானும் கூட வருகிறேன்.