சராசரி 7, வந்தது 15

அட்லாண்டிக் கடலில் 1991 முதல் 2020 வரை, ஆண்டுக்குச் சராசரியாக 7 ஹரிகேன் புயல்கள் உருவாயின. ஆனால் 2013-இல் வந்தவை இரண்டே, 2005-இலோ 15! சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு இதை எப்படிப் புரிந்துகொள்வது? அதற்குத்தான் எத்தனை புயல் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் நிகழ்தகவுப் பரவல். பிரெஞ்சுக் கணித அறிஞர் பாய்சான் 1837-இல் வெளியிட்ட சூத்திரத்துக்குச் சராசரி ஒன்றைக் கொடுத்தால் போதும். 7 என்று கொடுத்தால், மிகச்சரியாக 7 புயல் வருவதற்கே நூற்றுக்கு 15 வாய்ப்புதான் என்கிறது. பதினைந்தோ அதற்கு மேலோ வருவது ஏறக்குறைய 175 ஆண்டுக்கு ஒருமுறை.

கடல் வெப்பத்தால் பிறக்கும் புயலைத் தாயக்கட்டை போல எண்ணலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பரவல் காரணத்தை மறுக்கவில்லை. சராசரி ஆண்டுதோறும் மாறாதிருக்க வேண்டும் என்றுதான் பாய்சான் கணக்கு எதிர்பார்க்கிறது. அங்கேதான் இடிக்கிறது. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டில் அட்லாண்டிக்கின் மேல்காற்று புயலைக் கலைக்கிறது. பசிபிக் குளிரும் லா நினா ஆண்டில் அந்தத் தடை தளர்கிறது. 2005-க்குப் பின் 15 ஆண்டுக்குள், 2020-இல் 14 ஹரிகேன்கள் வந்துவிட்டன. ஆகவே, சராசரியையே அசையவிடும் எதிர்மறை ஈருறுப்புப் பரவல் பல சமயம் கூடுதலாகப் பொருந்துகிறது. பழைய பதிவுகளை நம்பலாமா என்பது இன்னொரு ஆட்சேபம். செயற்கைக்கோள் வருமுன் நடுக்கடல் புயல்கள் சில கண்ணில் படாமலே போயிருக்கும். அதனால் நீண்டகாலக் கணக்குக்குக் கரையைக் கடந்த புயல்களை மட்டும் எடுத்துக்கொள்வது மேல்.