லெபனோனில் ஒரு மாதம், வீட்டில் இரண்டு மாதம்

(தொழிலாளரான புனித யோசேப்பு விழாவையொட்டி வானொலியில் ஆற்றிய மறையுரை)



மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக 1955இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். யோசேப்பு தச்சர். அவருடைய பட்டறைக்கு மரம் வரவேண்டுமானால், யாரோ ஒருவர் முதலில் கோடரியோடு காட்டுக்குள் போயிருக்க வேண்டும். அந்த மனிதரைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அமலிநகரிலும் ஆலந்தலையிலும் மணப்பாட்டிலும் இன்று ஃபைபர் படகுகள் நிற்கின்றன. ஆனால் நம் தாத்தாமார் ஏறிப்போன கட்டுமரமும் வள்ளமும் மரத்தால் ஆனவை. நம் தேரியில் வளர்வது பனையும் உடையும்தான். கடலைத் தாங்கும் மரத்தை யாரோ மலையில் வெட்டினார்கள்.

அந்த வேலை எப்படிப்பட்டது? பொள்ளாச்சிக்கு மேலே ஆனைமலையில் டாப்சிலிப் என்ற இடம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் தேக்கு மரங்களை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டதால் வந்த பெயர் அது. அங்கிருந்து போன தேக்கு பம்பாயில் கப்பலானது. யானையும் புலியும் காட்டெருமையும் திரியும் காடு அது. கோடரிச் சத்தத்தில் யானை நெருங்குவது காதில் விழாது. சாயும் மரம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கப்பலில் போனவர்களுக்கு அந்த மரம்வெட்டிகளின் பெயர் தெரியாது.

விவிலியம் அவர்களை மறக்கவில்லை. அரசர்கள் முதல் நூல் ஐந்தாம் அதிகாரத்தைப் பாருங்கள். கோவில் கட்ட சாலமோன் 30,000 பேரைத் திரட்டினார். மாதத்துக்கு 10,000 பேர் என்று முறைவைத்து லெபனோனுக்கு அனுப்பினார். ஒரு மாதம் அங்கே, இரண்டு மாதம் வீட்டில். சிங்கமும் சிறுத்தையும் வாழ்ந்த மலை அது. வெட்டிய மரங்கள் தெப்பமாகக் கடல்வழியே வந்தன. அது கட்டாய வேலைதான், நியாயப்படுத்த முடியாது. ஆனாலும், போனவன் வீடு திரும்ப வேண்டும் என்பதாவது அந்தக் கணக்கில் இருந்தது.

இன்னொரு நிகழ்ச்சி, அரசர்கள் இரண்டாம் நூல் ஆறாம் அதிகாரத்தில். யோர்தான் கரையில் மரம் வெட்டிய ஓர் ஏழைச் சீடரின் கோடரி கழன்று தண்ணீரில் விழுந்தது. அவர் அலறினார். ஏனென்றால் அது இரவல் கோடரி. இறைவாக்கினர் எலிசா வழியாக ஆண்டவர் இரும்பையே மிதக்கச் செய்தார். ஒரு மரம்வெட்டியின் கடன் கவலை கடவுளுக்குச் சிறிய காரியம் அல்ல!

அன்புக்குரியவர்களே, 2015 ஏப்ரல் 7, உயிர்ப்பு ஞாயிறுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 தமிழர்கள் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்ட ஏழைகள். தாக்கியதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. செம்மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். காடும் அதன் உயிர்களும் கடவுளின் படைப்பு; லெபனோனையும் அதன் விலங்குகளையும் அழித்தவர்களை அபக்கூக்கு கண்டித்திருக்கிறார். அதை நாம் மறைக்க வேண்டாம். ஆனால் இறந்தவர்கள் யார்? கூலிக்குப் போனவர்கள். கூலி ஆசை காட்டி அனுப்பிய தரகரும், மரத்தை வாங்கி விற்கும் முதலாளியும் அன்று அந்தக் காட்டில் இல்லை.

கடலுக்குப் போனவர் வராதபோது கரையில் நிற்கும் வேதனை நமக்குத் தெரியும். மலையிலும் அதே கண்ணீர்தான். எனவே இன்று நம்மை நாமே கேட்போம். பிறரை ஆபத்தான வேலைக்கு அனுப்புகிறவர்களா நாம்? படகு உடைமையாளரே, உங்கள் ஆட்களுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? முன்பணம் கொடுத்ததற்காக, மோசமான வானிலையிலும் போகச் சொல்கிறீர்களா? வீடு கட்டுகிறவரே, நிலைக்கதவுக்கு மரம் வாங்கும்போது அது முறையாக வெட்டிய மரமா என்று கேட்டீர்களா?

இன்று மாலை செபமாலையில் ஒரு பத்து மணியைப் பெயர் தெரியாத மரம்வெட்டிகளுக்காக ஒப்புக்கொடுங்கள். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் வீடு திரும்ப, தொழிலாளரான புனித யோசேப்பு நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.